ரப்பரை எடுத்த பிறகு

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் வண்டியைக் கணபதியில் பெனடிக்ட்டின் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். என் கணவர் மௌலி ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பின்னால் யாராவது ஹாரன் அடித்தால் சொல்வதற்காக. அடித்தால் அவர் முழங்காலில் தட்டுவேன். லாரி, பஸ் என்றால் இரண்டு தட்டு.

ஜனவரியில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்ததிலிருந்து அவருக்கு இரண்டு காதும் கேட்பதில்லை. கொஞ்சம்கூட இல்லை. காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிட்டது, கருவி வைக்கவும் வழியில்லை என்று பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவருடைய கடையில் இப்போது அவரோடு அவர் தம்பியும் உட்காருகிறான். பிப்ரவரியில் அவர் அழுதார். நான் அழவில்லை. யாராவது ஒருவர் ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்க வேண்டும் அல்லவா.

வண்டி வெள்ளை நிறம். இரண்டு கதவு, டர்போ இன்ஜின். ஜப்பானிலிருந்து வந்தது. வீடு கட்டுவதை விட்டுவிட்டு வாங்கியது. கோயம்புத்தூரில் இது மாதிரி வேறு இல்லை என்பார். ஊருக்கு வெளியே இருக்கிற கார் பந்தய டிராக்கில் பதினைந்து வருடமாக ஓட்டுகிறார். கடைசியாக மே மாதம் போனார். எப்போது கியர் மாற்ற வேண்டும் என்பதை இன்ஜின் சத்தத்தை வைத்தே பழகியவர். சத்தம் இல்லாமல் மூன்றாவது கியரில் கண்டபடி ஏற்றி, தவறான நேரத்தில் குறைத்து, வண்டி சுழன்று மண்ணுக்குள் போனது. அடிபடவில்லை. கிளப்பில் இனி வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

இப்போது புதிதாக ஒன்று சொல்கிறார். எனக்குப் புரியவில்லை. பெனடிக்ட்தான் விளக்கினான்.

"இன்ஜின் பாடி மேல நேரா உக்காராதுங்க்கா. நடுவுல ரப்பர் மவுண்டிங் இருக்கும். நடுக்கத்தை எல்லாம் அந்த ரப்பர் தின்னுரும். உள்ள இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணன் அந்த ரப்பரை எடுத்துட்டுக் கெட்டியா ஒண்ணு போடச் சொல்றாரு."

"போட்டா?"

"இன்ஜின் என்ன பண்ணுதோ அது அப்படியே சீட்டுக்கு வரும். முதுகுலயும் உள்ளங்கையிலயும் தெரியும். காதுக்குப் பதிலா."

பெனடிக்ட் ஒரு காலத்தில் மௌலியோடு போட்டி போட்டு ஓட்டியவன். தோற்றதெல்லாம் இன்னும் சொல்வான்.

நான் கேட்டேன், இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று காட்ட ஒரு விளக்குப் பொருத்தினால் போதாதா என்று. பெனடிக்ட் அதை மௌலி முகத்துக்கு நேராக நின்று வாயை அகலமாக அசைத்துச் சொன்னான். மௌலி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வெளக்கு சொல்லும். வண்டி சொல்லாது," என்றார். சத்தமாகச் சொன்னார். இப்போதெல்லாம் அவர் சத்தம் அவருக்குத் தெரிவதில்லை. நான் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன். குறைத்துக்கொண்டார்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். மாவு ஆட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸில் கூப்பிட்டுச் சொன்னார்கள். பம்பு கம்பெனியில் சேர்ந்த பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு யூனிட்டை முழுதாகக் கொடுக்கிறார்கள். புனேயில். நவம்பரில் சேர வேண்டும். மௌலியிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு அவர் முன்னால் போய் நின்று, தோளைத் தொட்டு, அவர் பார்க்கும் வரை காத்திருந்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். அலுப்பாக இருந்தது.

செப்டம்பர் 10, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

அரை நாள் லீவு. ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். பெனடிக்ட்டிடம் ஆள் இருக்கிறது. ஆனாலும் போனேன்.

வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இன்ஜினுக்கு அடியில் ஆயில் சம்ப்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து, அதை ஜாக்கியால் தாங்கினார்கள். இல்லாவிட்டால் மவுண்டிங்கைக் கழற்றியதும் இன்ஜின் இறங்கிவிடுமாம். மௌலி பலகையில் படுத்து உள்ளே போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. நான் குந்தி உட்கார்ந்து டார்ச்சை நீட்டினேன்.

போல்ட் துரு ஏறி வரவில்லை. ஸ்ப்ரே அடித்துவிட்டு ஊற வேண்டும் என்று பெனடிக்ட் டீக்கடைக்குப் போனான். மௌலி உள்ளேயே படுத்திருந்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை, அவருக்கு என் முகம் தெரியவில்லை.

"என்னைப் புனேக்குக் கூப்பிடறாங்க," என்று சொன்னேன்.

சும்மா சொல்லிப் பார்த்தேன். சாதாரணக் குரலில், சாம்பார் வைக்கட்டுமா என்று கேட்பது போல. உள்ளேயிருந்து ஸ்பேனர் சத்தம் மட்டும் வந்தது. "யூனிட் ஹெட். போகலாம்னு நினைக்கறேன்," என்றேன். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. எட்டு மாதத்தில் எதையுமே இவ்வளவு வேகமாக அவரிடம் சொன்னதில்லை.

பெனடிக்ட் வந்த பிறகு இடது பக்க மவுண்டிங் வெளியே வந்தது. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பர். பாளம் பாளமாக வெடித்து, ஆயிலில் ஊறிப் பழைய செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. மௌலி அதைக் கையில் வாங்கி விரலால் வெடிப்பை அகட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வரும்போது தேங்காய் வாங்கினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பெங்களூரிலிருந்து புது மவுண்டிங் வந்திருந்தது. மௌலிக்கு முழுக்க அலுமினியத்தில் வேண்டுமாம். பெனடிக்ட் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைக்கிறார். பக்கத்துப் பெயின்ட் கடைக்காரர் வந்து என்ன விஷயம் என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

"அலுமினியம் போட்டா ரோட்டுல ஓட்ட முடியாதுண்ணா. பாடியில வெல்டு விட்டுப்போயிரும். பின்னால நான்தான் ஒட்ட வெச்சுட்டு இருக்கணும்."

கடைசியில் பாலியூரித்தேன். ரப்பர் மாதிரியேதான் இருக்கிறது, சிவப்பு நிறம். நகத்தால் அழுத்தினேன். தடம் விழவில்லை.

செப்டம்பர் 21, சனி

இரண்டு இன்ஜின் மவுண்டிங்கும் மாட்டியாகிவிட்டது. போல்ட்டை முதலில் கையால் மட்டும் திருகிவிட்டு, ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, இன்ஜினின் பாரம் அதன் மேல் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டுமாம். முதலிலேயே முறுக்கினால் கோணலாக உட்கார்ந்து அப்படியே நின்றுவிடுமாம். மௌலி டார்க் ரெஞ்ச்சைப் பிடித்து முறுக்கினார். சரியான அளவுக்கு வந்ததும் அது டிக்கென்று சத்தம் கொடுக்கும். அவர் அதை உள்ளங்கையில் வாங்கி நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் சரியாக நிறுத்தினார்.

பானட்டுக்குள் குனிந்திருந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் பெனடிக்ட்.

"ஆபீஸ்ல மாசக் கடைசிக்குள்ள பதில் கேக்கறாங்க," என்றேன் அவர் முதுகிடம். "சரின்னு சொல்லப் போறேன். நீங்க வர வேண்டாம். நான் மட்டும் போறேன்."

பெனடிக்ட் ஸ்பேனரை நிறுத்தி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

ஸ்டார்ட் செய்தார்கள். மௌலி உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடி நடுங்கியது, டேஷ்போர்டு நடுங்கியது, பக்கத்து சீட்டில் வைத்திருந்த என் கைப்பை நகர்ந்து கீழே விழுந்தது. அவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தொடையிலிருந்து பல் வரைக்கும் ஏறியது. சீக்கிரமே கால் மரத்துப்போனது.

"தெரியுதா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். அவர் சிரித்தார். நான் கைப்பையை எடுத்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சத்தி ரோட்டில் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். அவரும் நானும். ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் அடியில் ஒரு சத்தம் வந்தது. அவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை.

"கொடி, கேக்குதா உனக்கு? எப்படிக் கேக்குது?"

டக் என்கிறது என்றேன். புரியவில்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி அவர் முழங்காலில் அந்தச் சத்தத்தை அப்படியே தட்டிக் காட்டினேன். முதலில் ஒரு பெரிய தட்டு. கொஞ்சம் பொறுத்து ஒரு சின்னத் தட்டு. எங்கிருந்து என்று கேட்டார். கியர் லிவருக்குக் கீழே கையைக் காட்டினேன்.

யோசித்துவிட்டு, "கியர்பாக்ஸ் மவுண்டிங்," என்றார். "இன்ஜினை இறுக்கிக் கட்டிட்டோம். பின்னால கியர்பாக்ஸ் இன்னும் பழைய ரப்பர்லதான உக்காந்திருக்குது? முறுக்கறது எல்லாம் அங்க போகுது. கிழிஞ்சிருக்கும்."

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தார்கள். கிழிந்திருந்தது. பெனடிக்ட் இருவரையும் பார்த்து, "அக்கா இருந்தா எனக்கு வேலை இல்லை போலிருக்குது," என்றான். மௌலிக்கு அது புரியவில்லை. நான் எடுத்துச் சொல்லவில்லை.

முழங்கால் வலிக்கிறதா என்று வீட்டில் கேட்டேன். அவர் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 27, வெள்ளி

ஆபீஸில் சரி என்று சொல்லிவிட்டேன். கை கொடுத்தார்கள். மதியம் தயிர்சாதம்.

அக்டோபர் 6, ஞாயிறு

கியர்பாக்ஸ் மவுண்டிங் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று போட்டார்கள். போட்ட பிறகு கியர்பாக்ஸ் சற்று உயரமாக உட்கார்ந்ததால் சைலன்சர் பைப் மேலே இடித்தது. ஒரு வாஷர் வைத்து இறக்கினார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, தாலியில் கோக்கிற காசு அளவுதான்.

மௌலி கை கழுவப் பின்பக்கம் போயிருந்தார். பெனடிக்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா. தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லு."

"அண்ணனுக்குத்தான் கேக்காது. எனக்குக் கேக்கும்."

"தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அவனே பேசினான்.

"எங்கிட்ட சொல்லாதீங்க்கா. நீங்க பின்னால நின்னு சொல்றீங்க, நான் முன்னால நின்னு அவரு மூஞ்சியப் பாக்கறேன். அவரு ஒண்ணுந் தெரியாம போல்ட்டு சைஸு கேக்கறாரு. எனக்குச் சங்கடமா இருக்குது. போறதுன்னா போங்க. அது உங்க ரெண்டு பேரு விஷயம். மூணாவது ஆளா என்னைய வெச்சுப் பண்ணாதீங்க."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி என்றேன். மௌலி வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. துண்டைக் கொடுத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

ஒர்க்‌ஷாப்பில் பூஜை. பெனடிக்ட் சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் வேலை செய்கிறவர்களுக்காக வருடா வருடம் பொரி, கடலை, வாழைக்கன்று எல்லாம் உண்டு. எங்கள் வண்டிக்கும் சந்தனம் வைத்தார்கள். ரெஞ்ச்சுக்கு, ஜாக்கிக்கு, கழற்றிப் போட்ட பழைய ரப்பருக்குக்கூட யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள்.

இன்று நான் எதுவும் பேசவில்லை. யார் முன்னாலும், யார் பின்னாலும்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் மௌலிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெனடிக்ட் போய்ப் பேசியிருக்கிறான். கொடி காட்டுவதெல்லாம் கண்ணால் பார்க்கிற விஷயம்தானே, காது எதற்கு என்று கேட்டிருக்கிறான். கிளப் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். திருப்தி இல்லை என்றால் நிரந்தரமாக இல்லை. மௌலி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

நிறைய எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் டிராக்குக்குப் போய்விட்டோம். செயலாளர் ஒரு பெரிய மனிதர், வெள்ளை மீசை, மௌலியைப் பல வருடமாகத் தெரிந்தவர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தார். மௌலி ஒரு கறுப்பு டேப்பை எடுத்து ஆர்பிஎம் காட்டும் முள்ளின் மேல் ஒட்டினார். யாரும் ஒட்டச் சொல்லவில்லை. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மௌலி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கிளம்பிவிட்டார்.

நானும் பெனடிக்ட்டும் டயர் அடுக்கியிருந்த இடத்தில் நின்றோம். முதல் சுற்று மெதுவாக. இரண்டாவது சுற்றிலிருந்து வேகம். ஒவ்வொரு தடவையும் நீளமான நேர்ப்பாதையில் வரும்போது இன்ஜின் சத்தம் மேலே மேலே போகும். அதற்கு மேல் போகக்கூடாது என்கிற இடம் எனக்கே இப்போது தெரிகிறது. அந்த இடத்தில் சட்டென்று விழும், அடுத்த கியர். பெனடிக்ட் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். வளைவுக்கு முன்னால் குறைக்கும்போதும் அப்படியே. மே மாதம் மண்ணுக்குள் போன அந்த வளைவைத் தாண்டியதும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி உடைத்திருக்கிறேன். பிறகுதான் பார்த்தேன், புடவை முழுக்கத் தண்ணீர்.

செயலாளர் இறங்கித் தாடையைத் தேய்த்துக்கொண்டார். "இதுக்குள்ள எப்படிங்க உக்காந்து ஓட்டறீங்க? எனக்குப் பல்லு ஆடுது," என்றார். மௌலிக்குப் புரியவில்லை. செயலாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அது புரிந்தது. டிசம்பரில் நடக்கும் போட்டியில் பெயர் போட்டுக்கொள்கிறார்கள்.

பெனடிக்ட் பைக்கில் போய்விட்டான். நாங்கள் இருவரும் வண்டியில். போத்தனூர் தாண்டி ஒரு பேக்கரியில் நிறுத்தினார். டீயும் தேங்காய் பன்னும் சொன்னார். எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஒர்க்‌ஷாப்ல என்ன பேசுன?" என்று கேட்டார்.

சத்தமாகத்தான் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பினார். நான் உள்ளங்கையை அழுத்திக் காட்டவில்லை.

"அன்னிக்கு நீ எனக்குப் பின்னால நின்னு பேசறப்ப பெனடிக்ட் ஸ்பேனரை நிறுத்திட்டு உன்னைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்க்காம குனிஞ்சுக்கிட்டான். என்ன பேசுனேன்னு தெரியாது. பேசுனேன்னு தெரியும்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை என்று தலையாட்டினார். "நீ சொல்ல வேண்டியதை அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?"

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். பேசுவதை எழுத்தாகக் காட்டும் செயலி இருக்கிறது, இல்லாவிட்டால் தட்டச்சு செய்யலாம். அவர் கையை நீட்டிப் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"வாயால சொல்லு."

"நான் புனே போறேன்," என்றேன்.

"மூணு?"

"புனே."

"பூனையா?"

உதடு சேர்ந்து பிரிகிற எழுத்து எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ப என்றாலும் ம என்றாலும் ஒரே மாதிரி தெரியும். இது எனக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து தெரியும். மறுபடி சொன்னேன். அவர் முன்னால் குனிந்து என் வாயையே பார்த்தார். சொல்லச் சொல்ல என் தாடை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதனால்தான் அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன்.

"மும்பை பக்கத்துல. வேலை மாற்றல். புனே. நான் மட்டும்."

அவர் பின்னால் சாய்ந்தார். புரிந்துவிட்டது. பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார், வாயில் போடவில்லை. அது கரைந்து விழுந்தது.

"ஜனவரியில இருந்து எல்லாரும் எங்கிட்ட நல்ல சேதி மட்டும்தான் சொல்றாங்க," என்றார். "நிதானமா, முகத்துக்கு நேரா நின்னு சொல்லணும் இல்லையா. கெட்டதை அப்படிச் சொல்ல யாருக்கும் முடியறதில்ல. நீயாவது சொல்லுவேன்னு பார்த்துட்டு இருந்தேன்."

நான் டீயைப் பார்த்தேன். அவர் என் தாடையைத் தொட்டு நிமிர்த்தினார். வாய் தெரிய வேண்டுமே.

"வேலைக்குப் போறியா, இல்ல என்னை விட்டுட்டுப் போறியா?"

"தெரியல."

அந்த ஒரு சொல்லைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் தடவையிலேயே படித்துவிட்டார்.

பேக்கரிக்காரர் டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். பிறகு, எப்போது சேர வேண்டும் என்று கேட்டார். நவம்பர் நாலாம் தேதி என்று விரலால் காட்டினேன்.

"சரி, போ. போயிட்டு, தெரிஞ்சதும் சொல்லு. என்ன தெரிஞ்சாலும் சரி. முதுகுப் பக்கம் நின்னு மட்டும் சொல்லாத, கொடி."

வீடு வரும் வரை பின்னால் ஹாரன் அடித்தபோதெல்லாம் முழங்காலில் தட்டினேன். கை மரத்திருந்தது. வண்டியின் நடுக்கம்தான்.

அக்டோபர் 14, திங்கள்

ஆபீஸ். மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். தெருவில் லட்சுமி வெடி வெடித்தார்கள். மௌலி வாசலில் நின்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இங்க தெரியுது," என்றார். ஒவ்வொரு வெடிக்கும் கை வைத்துப் பார்த்தார்.

பெட்டி அடுக்கினேன். அவர் ஒவ்வொரு புடவையாக எடுத்துக் கொடுத்தார். எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன். இரண்டு பெட்டி அடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

நவம்பர் 2, சனி

ரயில் நிலையத்துக்கு அவர் வண்டியிலேயே வந்தேன். பெட்டியின் சக்கரம் கழன்றிருந்தது, அவர் தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஏதோ சொன்னார். கண்ணாடி மூடியிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. வாயைப் பார்த்தேன், படிக்கத் தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய். புனே

யூனிட் பெரியது. ஆட்கள் நல்லவர்கள். வேலை சரியாக இருக்கிறது. குடியிருப்பு மூன்றாவது மாடி, ஒரு சத்தமும் இல்லை. இதைத்தான் விரும்பினேன் என்று நினைக்கிறேன். காலையில் பால்காரன் மராத்தியில் ஏதோ சொல்கிறான். தலையாட்டுகிறேன்.

சாயங்காலம் மௌலியோடு வீடியோ காலில் பேசுகிறேன். அவர் பேசுவார், நான் முகத்தைக் கேமராவுக்கு நேராக வைத்துக்கொள்ள வேண்டும். விளக்குப் பின்னால் இருந்தால் வாய் இருட்டாகிவிடும் என்பார். அதனால் விளக்கை முன்னால் மாற்றி வைத்தேன். காய்கறி விலை, பெனடிக்ட்டின் புது ஜாக்கி, என் மேனேஜர். எதையும் சுருக்கிச் சொல்ல முடியாது. முழுதாகத்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

காய்ச்சல். லேசாகத்தான். போன் எடுக்கவில்லை. எடுக்காததற்கு ஒன்பது மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கடைசியில் பெனடிக்ட்டை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார். "நல்லா இருக்கீங்களான்னு மட்டும் சொல்லுங்க்கா, இங்க ஒரு ஆளு உக்கார மாட்டேங்கறாரு," என்றான். நல்லா இருக்கேன் என்றேன். போனை வைத்த பிறகு கஞ்சி வைத்துக் குடித்தேன். நிறைய நேரம் அழுதேன். காய்ச்சல் என்றால் கண்ணில் நீர் வரும்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்று போட்டி. மாலைவரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன், சமைக்கவில்லை.

ஐந்து மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். டிராக்கிலிருந்தே. பெனடிக்ட் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான், மௌலி ஹெல்மெட்டைக் கழற்றிய கோலத்தில், தலைமுடி ஒட்டிக்கொண்டு, வண்டிக் கதவில் சாய்ந்திருந்தார். ஜெயிக்கவில்லை. நடுவில் எங்கேயோ வந்திருக்கிறார். ஆனால் ஒரு கியர்கூடத் தப்பவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு, இன்ஜின் எந்த வேகத்தில் முதுகில் எங்கே நடுங்குகிறது, எப்போது தோளுக்கு வருகிறது என்று கையை வைத்து வைத்துக் காட்டினார். நீளமாகப் பேசினார். பெனடிக்ட் கை வலித்துப் போனை மாற்றிப் பிடித்தான்.

பிறகு நிறுத்தினார். என்னையே பார்த்தார்.

"அடுத்த வாரம் எனக்கு ஒண்ணும் வேலை இல்லை," என்றார். "தம்பி கடையப் பார்த்துக்குவான். வண்டியில வேண்டாம், ரயில்ல. நான் அங்க வரட்டுமா? வேண்டாம்னாலும் சொல்லு. நேரா சொல்லு."

விளக்கை முகத்துக்குப் பக்கமாக இழுத்து வைத்தேன்.

"வாங்க," என்றேன்.

கண்ணைச் சுருக்கி என் வாயைப் பார்த்தார்.

"என்ன வாங்கணும்?"

முதலில் எனக்கே புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்துவிட்டேன். போன் சரிந்து கூரையைக் காட்டியது. நிமிர்த்தி வைத்தேன். அவர் இன்னும் அதே இடத்தில், அதே கேள்வியோடு, "வெங்காயமா? இங்க இருந்து எடுத்துட்டு வரணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெனடிக்ட்டுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும். அவன் எடுத்துச் சொல்லவில்லை. போனை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, நான் திரும்பச் சொன்னேன்.